தவராசா பேரில் ஒரு மீற்றர்

மாதத்தில் ஒரு நாள் மூக்கன் தவராசாவாக இருப்பார்.

மின்சாரக் கந்தோரிலிருந்து மீற்றர் பார்க்க வருகிற சஜீவன், மல்லாவிச் சந்தி தாண்டி இருக்கும் அந்தக் கராஜ் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "தவராசா அண்ணை!" என்று குரல் கொடுப்பான். ஏதாவது ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் மூக்கன், "ஓம்" என்பார். கை முழுக்க எண்ணெய் என்பதால் சஜீவனே கரண்ட் பில்லை அவருடைய சட்டைப் பையில் செருகிவிட்டுப் போவான். பில்லில் தவராசா என்றுதான் அச்சாகியிருக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர், முதன்முதலாக மீற்றர் பார்க்க வந்த மனுசன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, "நான் தவராசா இல்லை" என்று சொல்லத்தான் மூக்கன் வாயெடுத்தார். வந்தவருக்கு அவசரம். விளக்கம் சொல்லப் போனால் பெரிய கதையாகிவிடும் என்று "ஓம்" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதமும் அதே ஓம். பிறகு அது பழகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழகவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் பின்பக்கக் கொட்டிலை ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்.

தவராசா அவருடைய கூட்டாளி. மூக்கன் ஐந்து வயதில், எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுத் தாய்தகப்பனோடு வன்னிக்கு வந்து சேர்ந்தவர். தவராசா மல்லாவியிலேயே பிறந்தவன், கையில் காணி உள்ளவன். "காணி என்ர, கை உன்ர" என்று சொல்லி, வீதியோரத்து அரை ஏக்கரில் கொட்டில் போட்டுக் கராஜைத் தொடங்கினான். பெற்றோலை மருந்துக்கும் காணாத காலத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். சமாதான காலத்தில் வவுனியாவுக்குப் போய் ஒரு கொம்பிரசர் வாங்கி வந்தார்கள். அதன் குழாய் இணைப்புகளையெல்லாம் தவராசாதான் இழை சுற்றி, பூச்சுப் பூசி, முறுக்கினான். முறுக்கி முடித்ததும், "இது நான் செத்தாலும் கழலாது" என்றான்.

இரண்டாயிரத்தெட்டில் இடம்பெயர்ந்தபோது, கொம்பிரசரைத் தறப்பாளில் சுற்றிக் கராஜுக்குப் பின்னாலேயே குழி வெட்டித் தாட்டுவிட்டுப் போனார்கள். அப்போது எல்லோரும் செய்தது அதுதான். சிலர் தையல் மெஷினைத் தாட்டார்கள், சிலர் தண்ணீர்ப் பம்பைக் கிணற்றில் இறக்கினார்கள். ஒன்பது மாதம் இடம் மாறி இடம் மாறிப் போய், கடைசியில் சண்டை எல்லாம் முடிந்த அன்று, வெயிலில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக ஆமிக்காரர் நிற்கவைத்திருந்தார்கள். மேசையில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். மூக்கனுக்குப் பத்துப் பேர் முன்னால் நின்றான் தவராசா. அவனுடைய பெயர் வந்தது. "ஓம்" என்றான். பையை மூக்கனிடம் கொடுக்கவா என்று திரும்பிப் பார்த்தான், பிறகு கொடுக்காமலே போனான். போனவன் போனவன்தான். அவனை ஏற்றிய பஸ்ஸின் நிறத்தைக்கூட மூக்கன் இன்றைக்கும் சொல்வார். அவனுடைய மனைவி பத்மாசனி பெண்கள் வரிசையில் நின்றதால் எதையும் காணவில்லை. ஆகவே, தவராசா அந்த மேசைக்குப் போனான் என்பதற்கு, அவனைத் தெரிந்தவர்களில் இருக்கிற ஒரே சாட்சி மூக்கன்தான்.

அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து விட்டபோது பத்மாசனி செட்டிகுளத்தில் தமக்கை வீட்டோடு தங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. "கராஜை நீங்கள் கொண்டு நடத்துங்கோ அண்ணை. அவர் வந்து கணக்குப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். வாடகை என்று ஒரு சதம் வாங்கியதில்லை. காணாமற்போனவர்களின் குடும்பத்தார் தெருவோரக் கொட்டகையில் அவர்களுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்களே, அவர்களோடு அவளும் எத்தனையோ நாள் இருந்தாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மல்லாவிப் பக்கம் மின்கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். சலுகை விலையில் இணைப்பு, வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடிகிறது, காணிக்காரர் கையொப்பம் கட்டாயம் வேண்டும். மூக்கன் அந்தத் தாளை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்மாசனியிடம் கொண்டுபோனால், "அவர் வந்து வைப்பார்" என்பாள். அவன் வருவான் என்றுதான் மூக்கனும் அப்போது நம்பினார். தடுப்பு முகாம்களிலிருந்து அன்றாடம் யாராவது வந்துகொண்டிருந்த காலம் அது. தவராசாவின் கையொப்பம் அவருக்கு மனப்பாடம். எத்தனை வருடமாக வேலைச் சீட்டுகளில் பார்த்தது! வெள்ளிக்கிழமை காலை பேனையை எடுத்தார். கடைசி எழுத்தின் காலைக் கீழே இழுத்து ஒரு சுழி. அவன் வந்து பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தார். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

தாட்ட கொம்பிரசரைத் தோண்டி எடுத்து, மோட்டர் பூட்டி ஓடவிட்டார். ஒரேயொரு குறை. தவராசா முறுக்கிய இணைப்புகளில் ஒன்று நான்கு வருடம் மண்ணுக்குள் கிடந்ததில் காற்றுக் கசிந்தது. காற்று இறங்கினால் கொம்பிரசர் தானாக ஓடி நிரப்பிக்கொண்டு தானாக நிற்கும். அதன் இயல்பு அது. ஆகவே யாரும் தொடாமலே, மணிக்கொருதரம், பின்கொட்டிலில் அது எழுந்து ஓடும்.

ஒரு மெக்கானிக்குக்கு இது அரை மணித்தியால வேலை. ஊரிலுள்ள ஒழுக்கையெல்லாம் அடைக்கிற மனுசன் தன் வீட்டு ஒழுக்கைப் பன்னிரண்டு வருடமாக அடைக்கவில்லை. மனைவி சிவலட்சுமிக்கு அதில் பெரிய ஆத்திரம். ஒரு கராஜ் ஓடுவது கைத்திறமையால் மட்டும் என்று நினைக்கிறவர்களை அவள் ஒரு மாதம் கொண்டுவந்து கல்லாவில் இருத்தவேண்டும். வெல்டிங் குடிக்கிற கரண்ட், கழுவ இறைக்கிற தண்ணீருக்குப் பம்ப் குடிக்கிற கரண்ட், கரண்ட் நின்றால் ஜெனரேட்டர் குடிக்கிற டீசல், கழிவெண்ணெய் எடுக்க வருகிறவன் கேட்கிற காசு. கட்டணம் ஏறிய பிறகு வீட்டில் மீன் வாங்குகிற நாள் குறைந்துபோயிற்று.

"ஒருத்தரும் இல்லாத கொட்டிலில அது ஆருக்கு ஓடுது? மாசம் ரெண்டாயிரம் காத்தாப் போகுது" என்பாள்.

"பாப்பம், பாப்பம்" என்பார் மூக்கன்.

அந்த இணைப்பில் ஸ்பானர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. மற்ற இணைப்புகளை மோட்டர் பூட்டியபோதே கழற்றிப் பூட்டவேண்டியதாயிற்று; தவராசாவின் கை கடைசியாக முறுக்கி இன்னும் கழற்றப்படாமல் இருக்கிற சாமான் அந்தக் கராஜில் அது ஒன்றுதான். அதைவிட ஒன்றும் உண்டு, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேலையில் மூழ்கியிருக்கும்போது பின்னால் அது எழுந்து ஓடினால், தவராசா உள்ளே நிற்கிறான் என்று ஒரு கணம் தோன்றும். அந்த ஒரு கணத்துக்குத்தான் அவர் மாதம் இரண்டாயிரம் கட்டிக்கொண்டிருந்தார்.

வினை லிஃப்ட் வடிவில் வந்தது. வான் வாகனங்களைத் தூக்குகிற பழைய லிஃப்ட் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். அதற்கு மூன்று பேஸ் கரண்ட் லைன் வேண்டும். கந்தோருக்குப் போனால், மீற்றர் யாருடைய பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வரவேண்டும், இல்லையென்றால் மரணச் சான்றிதழ் கொண்டுவந்து பெயர் மாற்றவேண்டும் என்றார்கள். மூக்கன் பத்மாசனிக்குப் போன் எடுத்தார்.

"மரணச் சான்றிதழ் எண்ட கதையை என்னட்டைக் கதைக்காதேங்கோ" என்றாள் அவள். பிறகு குரல் தணிந்து, "உங்களுக்கும் தொழில் நடக்கவேணும். காணிப் பத்திரத்தைக் கொண்டு நானே போய் வேற வழி கிடக்கோ எண்டு கேக்கிறன்" என்றாள்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணியளவில் அவள் கராஜ் வாசலில் வந்து இறங்கினாள். மூக்கனுக்கு ஆளை மட்டுப்பிடிக்கவே ஒரு நிமிடம் பிடித்தது. முகத்தில் பதினைந்து வயது குறைந்திருந்தது. கையில் ஒரு போட்டோக் கொப்பி.

"அண்ணை, இதைப் பாருங்கோ. கந்தோரில பழைய பைலை எடுத்துக் காட்டினவை. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, ஆவணி மாசம். அவரே வந்து கையொப்பம் வைச்சிருக்கிறார்."

மூக்கனுடைய கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"எனக்கு விளங்குது அண்ணை. ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு உங்களிட்டைச் சத்தியம் வாங்கியிருப்பார். பயந்திருப்பார். நான் உங்களோட கோவிக்கேல்லை. செவ்வாய்க்கிழமை காணாமற்போனவையின்ர விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம், இதைக் கொண்டுபோய்க் குடுக்கப்போறன். இப்ப எனக்கு ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அவர் வந்தவர்தானே?"

இல்லை என்று சொல்லவேண்டிய இடம் இதுதான். மூக்கனுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் பின்கொட்டிலில் கொம்பிரசர் எழுந்து ஓடியது. பத்மாசனி திடுக்கிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். அவன் உள்ளே நிற்கிறானோ என்று அவளுடைய கண் தேடியதை மூக்கன் கண்டார். பன்னிரண்டு வருடம் பழகிய சொல்தான் தானாக வெளியே வந்தது.

"ஓம்" என்றார்.

"மெலிஞ்சிருந்தவரோ?"

"கொஞ்சம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, கராஜில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்தாள். பஸ்ஸுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து மூக்கன் கண்டது அவளுடைய கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல்முறை என்று அவருக்குத் தோன்றியது. அங்கேயே, எண்ணெய்த் தரையில் குந்திக்கொண்டார்.

அன்று பின்னேரமே சிவலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கையொப்பத்தைச் சொன்னார், ஓம் சொன்னதைச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டில அவர் ஊருக்கு வந்து கரண்டுக்குக் கையொப்பம் வைச்சவர் எண்டு பத்மா குடுத்தா, ரெண்டாயிரத்தொன்பதில அவரைக் கொண்டுபோனதை ஆர் நம்புவினம்?"

அரிசித் தண்ணியை வடித்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"நீங்கள் கண்ணால கண்ட சாட்சி. உங்கட சாட்சியை உங்கட கையொப்பமே பொய்யாக்கப்போகுது. அந்தப் பிள்ளை பதினைஞ்சு வரியமாத் தூக்கித் திரிஞ்ச பைலை நீங்கள் மூடப்போறியள்."

மூக்கனுக்குக் கோபம் வந்தால் மட்டும் தோட்டத்துப் பேச்சு வரும். "நான் என்னத்தடி பண்ணுவேன்?" என்று கத்தினார். கோபம் அவள்மேல் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சொன்னால் பத்மாசனி சிரித்த அந்த முகம் போய்விடும். மின்கம்பி போகும். லிஃப்ட் போகும். கள்ளக் கையொப்பத்துக்கு வழக்கும் வரலாம். சொல்லாவிட்டால், தவராசாவை இரண்டாவது தடவையாகக் காணாமலாக்குகிறவர் அவராகத்தான் இருப்பார். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பிரசர் ஓடும்போதெல்லாம் கைவேலையை விட்டு எழுந்து வீதிக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில் துணைக்கு ஒருவன் இருந்தான். இப்போது உள்ளே நிற்கிறவன் எதையோ கேட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிச் செட்டிகுளம் போனார்.

பத்மாசனி முற்றம் கூட்டி, கோலம் போட்டு, தவராசாவின் இரண்டு சேட்டுகளைத் தோய்த்துக் கொடியில் காயவிட்டிருந்தாள். அதைக் கண்டதும் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று மூக்கன் நினைத்தார். கதிரையில் இருக்கச் சொன்னாள். அவர் இருக்கவில்லை.

"தங்கச்சி, அவன் வரேல்லை. அந்தக் கையொப்பம் நான் போட்டது."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். அது விழுந்தது. எடுத்து மறுபடி சாத்தினாள்.

"மெலிஞ்சிருந்தவர் எண்டு சொன்னியள்."

"பொய் சொன்னனான்."

"மூண்டு நாள் அவர் உயிரோட இருந்தவர் அண்ணை. மூண்டு நாள் நான் பசிச்சுச் சோறு திண்டனான். ஒரு கரண்ட் கம்பிக்காக உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" அவளுக்குக் குரல் உடைந்து, பிறகு ஏறியது. பக்கத்து வீட்டார் வேலியில் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஏசினாள். மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கினார். அவருக்கு அது போதாமல் இருந்தது.

ஏசி ஓய்ந்த பிறகு உள்ளே போய் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து வந்தாள்.

"போட்டுக் காட்டுங்கோ."

மூக்கன் போட்டார். கடைசி எழுத்தின் காலும் சுழியும் பிசகாமல் வந்தன. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, எழுதுகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை நீங்களும் வாறியள். அவர் மேசைக்குப் போனதையும் சொல்லுறியள், கையொப்பம் வைச்சதையும் சொல்லுறியள். ரெண்டையும் சொல்லவேணும். இனிமேல் ஆர் அவற்ற பேரைக் கூப்பிட்டாலும் நீங்கள் ஓம் சொல்லக்கூடாது."

சொன்னபடி செய்தார். விசாரித்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். சத்தியக் கடதாசி முடித்து மின்சாரக் கந்தோருக்கும் ஒரு பிரதி தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அபராதம் விழுந்தது, இணைப்பை வெட்டினார்கள். லிஃப்டை வாங்கின விலைக்கும் குறைத்து வவுனியாக்காரர் ஒருவருக்கு விற்று அபராதத்தைக் கட்டினார்.

பதினெட்டு நாள் கராஜில் கரண்ட் இல்லை. சின்ன ஜெனரேட்டரில் லைட்டும் துளைபோடுகிற மெஷினும் ஓடின. கொம்பிரசரை அது இழுக்காது. டயருக்குக் கைப்பம்பால் காற்றடித்துத் தோள்மூட்டு வீங்கிப்போனது. அந்த வலியை அவர் பொருட்படுத்தவில்லை. பின்கொட்டிலின் அமைதியைத்தான் தாங்கமுடியவில்லை. வேலையின் நடுவில் கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். ஒன்றும் இருக்காது. தவராசா போய்விட்டான் என்பது, பதினைந்து வருடம் கழித்து, அந்தப் பதினெட்டு நாளில்தான் அவருக்கு உறைத்தது. ஒருநாள் வான் ஒன்றின் கதவில் சாய்ந்து நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பத்மாசனி அவரோடு பேசவில்லை. ஆனாலும் கிராம சேவகரிடம் இரண்டு தரம் அலைந்து, காணிக்காரரின் மனைவி என்று சம்மதக் கடிதம் எழுதிக் கந்தோரில் கொடுத்திருந்தாள். அதைக் கந்தோரில் சொல்லித்தான் மூக்கனுக்கே தெரியும். பழைய மாதிரி ஒற்றைப் பேஸ் லைன்தான், ஆனால் மூக்கன் பேரில். இணைப்புக் கொடுக்கிற அன்று அவள் நேரில் நின்று ஒப்பமிடவேண்டும் என்பதால் வந்தாள். வந்தவள் அவரைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லைன் கொடுத்து முடித்ததும் கொம்பிரசர் எழுந்து ஓடி, வெறும் வயிற்றை நிரப்பிக்கொண்டு நின்றது. கந்தோர் ஆட்கள் போனார்கள். சிவலட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டாள். பஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. இருவரும் குடித்து முடித்து, பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

அப்போது பின்கொட்டிலில் அது மறுபடி தானாக எழுந்து ஓடியது.

பத்மாசனி அன்றைக்குத் திடுக்கிட்டதைப்போலவே திரும்பினாள். "உள்ளுக்கு ஆர்?" என்று கேட்டாள்.

மூக்கன் இந்த முறை உள்ளதைச் சொன்னார்.

"ஒருத்தரும் இல்லை, தங்கச்சி. காத்து ஒழுகுது. அவன் முறுக்கின மூட்டு. கழட்ட மனமில்லாமல் விட்டனான். இப்ப கரண்ட் விக்கிற விலைக்கு விடேலாது. நாளைக்கு அடைச்சுப்போடுவன்."

அவள் எழுந்து கொட்டிலுக்குள் போனாள். மூக்கன் வாசலிலேயே நின்றார். குழாய்களில் ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் கை நின்றது. காற்று அவளுடைய விரலுக்கிடையால் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. கொம்பிரசர் நிரம்பி நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. வெளியே பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

"அடைக்காதேங்கோ அண்ணை" என்றாள் பத்மாசனி. "அதுக்கு வாற கரண்ட் காசை மாசா மாசம் நான் தாறன்."